பழைய இரும்புக்குப் புதிய மூளை

திருகோணமலை என்றதும் நம்மில் பலருக்குக் கோணேசப் பெருமான் வீற்றிருக்கும் குன்றும், நீலக் கடலும், கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகளுமே நினைவுக்கு வரும். ஆனால் இந்நகருக்கு இன்னொரு முகமும் உண்டு. அது இரும்பின் முகம். ஆங்கிலேயக் கடற்படை தன் கப்பல்களைப் பழுது பார்த்த துறை இது. 1957ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் அக்கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் கட்டிய எண்ணெய்க் குதங்களில் 99 இன்றும் சீனக்குடாக் காட்டுக்குள் பூதங்களைப் போல் நிற்கின்றன. அதே சீனக்குடாப் பக்கத்தில் மாவாலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் இயங்குகின்றன. மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் மீன்பிடிப் படகுகள் எண்ணிலடங்கா. எஞ்சின் உள்ள இடத்தில் பழுது உண்டு. பழுது உள்ள இடத்தில் பட்டறை உண்டு.

அத்தகைய பட்டறை ஒன்றை வாசகர்கள் சற்றே மனக்கண்முன் நிறுத்திப் பார்க்குமாறு வேண்டுகிறேன். இது கற்பனைக் காட்சிதான். ஆயினும் பட்டறை வாசலை மிதித்தவர் எவரும் இதை அந்நியமாக எண்ணமாட்டார்.

மூலையிலே தார்ப்பாயால் மூடப்பட்டு ஓர் இயந்திரம் நிற்கிறது. பட்டறை முதலாளியான மாமா அதைப் பழைய இரும்புக்கு விற்றுவிட எண்ணியிருக்கிறார். கணினிக் கல்வி பயிலும் மருமகன் தார்ப்பாயை விலக்கிப் பார்க்கிறான்.

"மாமா, உடம்பெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது? இதை ஏன் கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுக்கப் போகிறீர்கள்?"

"தம்பி, உடம்பு நன்றாக இருந்து என்ன பயன்? மூளை செத்துப் போயிற்றே! மூளை செத்த உடம்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?"

மாமாவின் கேள்வி நியாயமானது. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

துருவும் கலை

முதலில் அந்த இயந்திரம் யாது என்பதை அறிந்து கொள்வோம். பட்டறைக்காரர் அதை 'மில்லிங் மெஷின்' என்பர்; தமிழிலே துருவல் இயந்திரம் எனலாம். பெயர் புதிதாகத் தோன்றினாலும் அதன் தத்துவம் நம் அடுக்களையிலேயே இருக்கிறது. கைப்பிடியைச் சுழற்றித் தேங்காய் துருவும் கருவியைப் பாருங்கள். பற்கள் நிறைந்த அலகு ஒரே இடத்தில் நின்று சுழல்கிறது. தேங்காய்ப் பாதியைக் கையிலே பிடித்து இப்படியும் அப்படியும் நகர்த்துகிறோம். அலகு பட்ட இடம் துருவப்படுகிறது. துருவல் இயந்திரமும் அவ்வாறே. பற்களுள்ள வெட்டுக்கருவி சுழலும். இரும்புத் துண்டு மேசையில் இறுகக் கட்டப்பட்டு இடம் வலமாகவும், முன் பின்னாகவும், மேல் கீழாகவும் நகரும். கடைசல் இயந்திரத்தில் வேலைத்துண்டு சுழலும். இதிலோ கருவி சுழலும். இதுவே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

படகுத் தொழிலுக்கு இதனால் என்ன உபயோகம்? சுழல்விசிறித் தண்டிலே 'கீ' உட்கார நீளக் காடி வெட்டவேண்டும். வளைந்துபோன எஞ்சின் தலையின் முகத்தை மட்டமாக்க வேண்டும். உடைந்த பம்பின் மூடியைப் புதிதாக ஆக்கவேண்டும். இவை ஊரிலேயே நடந்தால் படகு விரைவில் கடலுக்குப் போகும். கொழும்புக்கு அனுப்பி வரவழைப்பதென்றால், அத்தனை நாளும் படகு கரையில். படகை நம்பிய அடுப்பும் அணைந்தே கிடக்கும்.

கையால் ஓட்டும் துருவல் இயந்திரத்தில் மேசையை நகர்த்தக் கைச்சக்கரங்கள் உண்டு. ஒன்றைச் சுழற்றினால் நேர்கோடு வெட்டலாம். வட்டம் வெட்டவேண்டுமாயின் இரண்டு சக்கரங்களையும் ஒரே வேளையில், கணத்துக்குக் கணம் மாறும் வேகத்தில் சுழற்ற வேண்டும். மனிதக் கைகளால் அது செம்மையாக ஆகுமோ? ஆகாது. இந்த இயலாமையிலிருந்துதான் எண்வழிக் கட்டுப்பாடு பிறந்தது.

முதலாவது பரீட்சை

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்தவர் ஜோன் பார்சன்ஸ். ஹெலிகொப்டரின் சுழலும் இறக்கைகளைச் செய்யும் தொழிலில் ஈடுபட்டிருந்த அவர், வளைந்த உருவத்தின் விளிம்பிலே பல புள்ளிகளைக் கணக்கிட்டு, அப்புள்ளிகளின் எண்களைக் கொண்டே இயந்திரத்தை நடத்தலாம் என்று சிந்தித்தார். அமெரிக்க விமானப்படையின் ஆதரவுடன் 1949இல் தொடங்கிய அம்முயற்சி மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியின் ஆய்வுகூடத்தைச் சென்றடைந்தது. 1952ஆம் ஆண்டு செப்டெம்பரில் அங்கே முதலாவது எண்வழித் துருவல் இயந்திரம் இயங்கிக் காட்டப்பட்டது. துளையிட்ட காகித நாடா கட்டளை தந்தது. நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழாய்கள் அதைப் படித்து மோட்டார்களை ஆட்டுவித்தன.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்த இயந்திரம் அதற்கெனப் புதிதாக வார்க்கப்பட்டதன்று. சின்சினாட்டி நிறுவனம் செய்த ஹைட்ரோடெல் என்னும் சாதாரண இயந்திரத்தையே மாற்றியமைத்தனர். ஆகவே, பழைய உடம்புக்குப் புதிய மூளை பொருத்துவது ஏழைப் பட்டறையின் குறுக்குவழியன்று. இக்கலை பிறந்த முறையே அதுதான்.

காலப்போக்கில் நாடா போயிற்று, கணினி வந்தது. ஆனால் ஒவ்வோர் உற்பத்தியாளரும் தத்தம் கட்டுப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்த மாயப் பேழையாகவே செய்தனர். அதன் உள்ளே நடப்பதை வாங்கியவர் அறியார். பழைய பெட்டிகள் பலவற்றில், இயந்திரத்தின் அளவெண்களை ஒரு சிறு மின்கலத்தின் தயவிலேயே நினைவில் வைத்திருந்தனர். மின்கலம் தீர்ந்தால் எண்கள் அழியும். எண்கள் அழிந்தால் இயந்திரம் ஊமையாகும். மின்பலகை பழுதானால், 'அந்த வகையை நாம் இப்போது செய்வதில்லை' என்ற பதில் வரும். வார்ப்பிரும்பு உடம்பு ஐம்பது ஆண்டு உழைக்க வல்லது. மூளையோ பதினைந்து இருபது ஆண்டில் அநாதையாகிவிடுகிறது. மாமாவின் இயந்திரத்துக்கு நேர்ந்த கதி இதுவே.

புதிதாக வாங்கலாமே என்பீர்கள். 2022ஆம் ஆண்டை இலங்கையர் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த ஓர் அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. வெளிநாட்டிலிருந்து ஒரு திருகாணி வருவிப்பதும் பெரும்பாடாயிற்று. இரவல் மூளையை நம்பி வாழ்வதன் அபாயத்தை அந்த ஆண்டு நமக்கு உணர்த்திச் சென்றது.

ஊர்ப் பொதுக்கிணறு

இந்நிலையில்தான் திறந்த மூல மென்பொருள் என்னும் நற்செய்தி நம் காதில் விழுகிறது. அதை ஊர்ப் பொதுக்கிணற்றுக்கு ஒப்பிடலாம். யாரும் நீர் மொள்ளலாம். யாரும் எட்டிப் பார்த்து ஆழம் அறியலாம். தூர்ந்தால் ஊரவரே இறங்கித் தூர்வாரலாம். பூட்டிய தண்ணீர்த் தொட்டியிலோ குழாயைத் திறக்கலாமே தவிர உள்ளே பார்க்க உரிமை இல்லை.

லினக்ஸ்-சிஎன்சி என்று இன்று வழங்கும் இயந்திர இயக்க மென்பொருள் அத்தகைய கிணறு. அதன் ஊற்று அமெரிக்க அரசின் தேசியத் தரநிலை தொழில்நுட்ப நிறுவனத்தில் 1990களின் முற்பகுதியில் தோன்றியது. கட்டுப்பாட்டுப் பெட்டியின் பாகங்கள் எவருடைய தயாரிப்பாயினும் ஒன்றோடொன்று இணங்கி வேலை செய்ய இயலுமா என்று ஆராயும் பொருட்டே அதை எழுதினார்கள். 1995இல் மிச்சிகன் மாநிலத்துப் பொன்டியாக் நகரில், ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் தொழிற்கூடத்து இயந்திரம் ஒன்றில் அதைப் பொருத்திப் பரீட்சித்தனர். அமெரிக்க அரச ஊழியர் தம் கடமையில் எழுதும் எழுத்துக்கு அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை. ஆதலால் அம்மென்பொருள் பொதுச் சொத்தாயிற்று. பின்னர் பல நாட்டுத் தொண்டர்கள் அதை எடுத்து வளர்த்து, மாற்றுபவர் தம் மாற்றத்தையும் பிறருக்கு வழங்கும்போது திறந்தே வழங்கவேண்டும் என்னும் பொது உரிமத்தின் கீழ் வைத்தனர். விலை ஏதும் இல்லை. மேசையில் கிடக்கும் பழைய கணினி ஒன்றே பெரும்பாலும் போதும்.

சிறிய இயந்திரங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2009இல் நோர்வே நாட்டவர் ஒருவர் தொடங்கிய கிரபல் என்னும் மென்பொருள், உள்ளங்கையில் அடங்கும் ஆர்டுயினோ மின்பலகையிலேயே இயங்கும். மாணவர் பழகுவதற்கு அது நல்ல அரிச்சுவடி.

தாளம் தவறாத கணினி

சாதாரணக் கணினி விரைவானதுதான். ஆனால் நேரம் தவறாதது அன்று. இதைத் தவில் வித்துவானைக் கொண்டு விளக்கலாம். அதிவேகமாக வாசிக்கும் ஒருவர் இடையிடையே தாளத்தை விட்டுவிட்டால் அவரைக் கச்சேரியில் அமர்த்துவார்களோ? கணினியும் அவ்வாறே. ஒரு கணம் திரையை வரையப் போய்விட்டு, மறுகணம் வந்து, விட்ட இடத்தில் தொடரும். கடிதம் எழுதுபவருக்கு அது தெரியாது. இரும்பை வெட்டும் இயந்திரத்துக்கோ அந்தச் சிறு தாமதமே தள்ளாட்டமாகும்.

ஆகையால் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை 'நிகழ்நேர' முறையில் அமைத்து, மோட்டார்க் கட்டளை எப்போதும் முதலிடம் பெறச் செய்கிறார்கள். கணினியைப் பொருத்துமுன் அதன் தாமதத்தை அளக்கும் சோதனை ஒன்றுண்டு. செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்குரோ செக்கன். தாமதம் அவ்வளவில் இருபதுக்குள் இருந்தால் மிக நன்று; நூறைத் தாண்டினால் அக்கணினி நேரடியாகத் துடிப்புகளை அனுப்பும் வேலைக்கு ஆகாது. விலை உயர்ந்த புதுக் கணினி தோற்று, தூசி படிந்த பழைய பெட்டி வெல்வதும் உண்டு.

எண்ணிக்கையின் விந்தை

மாணவர்கள் தாமே சரிபார்க்கக்கூடிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். படிமோட்டார் என்பது மின்துடிப்பு ஒன்றுக்கு ஒரு படி மட்டும் திரும்பும் மோட்டார். வழக்கமான வகை ஒரு படிக்கு 1.8 பாகை திரும்பும். ஆகவே முழுச் சுற்றுக்கு 200 படிகள். மோட்டாரை ஓட்டும் மின்சாதனம் ஒவ்வொரு படியையும் பத்தாகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 2000 துடிப்புகள். மேசையை நகர்த்தும் திருகுதண்டு சுற்றொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நகர்த்துவதாகக் கொள்வோம். 5ஐ 2000ஆல் வகுத்தால் 0.0025 மில்லிமீற்றர். அதாவது ஒரு மில்லிமீற்றரில் நானூறில் ஒரு பங்கு! கணினி செக்கனுக்கு 10,000 துடிப்புகள் அனுப்பினால் மேசை செக்கனுக்கு 25 மில்லிமீற்றர், அதாவது நிமிடத்துக்கு ஒன்றரை மீற்றர் ஓடும்.

கட்டளை மொழியும் கடினமன்று. 'ஜீ1 எக்ஸ்50 எஃப்200' என்று எழுதினால், 'எக்ஸ் அச்சில் 50ஆம் மில்லிமீற்றர்ப் புள்ளிவரை, நிமிடத்துக்கு 200 மில்லிமீற்றர் வேகத்தில், நேர்கோடாக வெட்டிச் செல்' என்பது பொருள். வட்டவில்லுக்கு ஜீ2, ஜீ3 என்னும் சொற்கள். மனிதக் கைகள் இரண்டும் சேர்ந்து செய்ய இயலாத வட்டம் ஒரே வரியில் அடங்கிவிடுகிறது.

காகிதத்தில் கண்ட இக்கணக்கை அப்படியே நம்பிவிடலாகாது. திருகுதண்டுக்கும் அதன் நட்டுக்கும் இடையே சிறு இடைவெளி இருக்கும். பட்டறையில் அதை 'பிளே' என்பர். திசை மாறும்போதெல்லாம் மோட்டார் திரும்பியும் மேசை அசையாது நிற்கும் தூரம் அது. டயல் கேஜை மேசையோடு பொருத்தி அதை அளந்து மென்பொருளுக்குத் தெரிவித்தால், அது தன் கணக்கில் ஈடு செய்துகொள்ளும். ஆனால் வெட்டுக்கருவி மேசையைத் தன்பால் இழுக்கும் வேளையில் அந்த இடைவெளிக்குள் மேசை தாவுவதை எந்த மென்பொருளும் தடுக்காது. அதற்குக் குண்டுகள் உருளும் திருகுதண்டே மருந்து. எண்வழி இயந்திரமாகப் பிறந்தவற்றில் அத்தகைய தண்டு பெரும்பாலும் முன்னரே இருக்கும். கையால் ஓட்டிய இயந்திரமாயின் மாற்றவேண்டி வரும்.

இன்னொன்று: படிமோட்டார் குருட்டு நம்பிக்கை உடையது. பாரம் மிகுந்து ஒரு படி தவறினாலும் கணினிக்கு அது தெரியாது. செர்வோ மோட்டாரோ தான் நிற்கும் இடத்தை அடிக்கடி அறிவிக்கும். சொன்ன இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் வேறுபாடு மிகுந்தால் மென்பொருள் உடனே வேலையை நிறுத்தும். பழைய இயந்திரத்தில் நல்ல செர்வோ மோட்டார்கள் இருப்பின் அவற்றைக் கழற்றி எறிவது பேதைமை.

மிதவைத் துறை கற்பித்த பாடம்

கட்டளையின் ஒழுங்கு பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் திருகோணமலைத் துறைமுகமே சாட்சி. 1944ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள், வேலியன்ட் என்னும் பெரும் போர்க்கப்பலைத் தாங்கியவாறு மிதவைத் துறை ஒன்று இங்கே உயர்த்தப்பட்டுக் கொண்டிருந்தது. தொட்டிகளிலிருந்து நீரை இறைக்க இறைக்கத் துறை கப்பலோடு மேலெழ வேண்டும். ஆனால் கப்பலின் பாரம் பரவியிருந்த விதத்துக்கு ஒவ்வாத வரிசையில் தொட்டிகள் வெறுமையாக்கப்பட்டன. கப்பலில் வெடிபொருட்களும் நிறைந்திருந்தன. துறையின் இரு முனைகளும் அளவுக்கு மீறி வளைந்தன. முதுகு முறிந்து அது மூழ்கிற்று. கப்பல் மூழ்காது தப்பியது. ஆயினும் அதன் சுழல்விசிறிகள் இரண்டும் சுக்கான் ஒன்றும் சிக்குண்டன.

இரும்பு வலியதுதான், பம்புகளும் இயங்கத்தான் செய்தன. பிழைத்தது வரிசை. துருவல் இயந்திரத்திலும் இதே கதைதான். கருவி சுழலத் தொடங்குமுன் மேசை நகர்ந்தால் கருவி ஒடியும். எல்லை தெரியாது ஓடினால் திருகுதண்டு வளையும். எனவே ஒவ்வோர் அச்சின் முனையிலும் எல்லை விசைகள் பொருத்தவேண்டும். அவசர நிறுத்தப் பொத்தான் மென்பொருளைக் கெஞ்சி நிற்பதாக இருத்தலாகாது. கணினி உறைந்துபோன வேளையிலும் மோட்டார்களின் மின்னோட்டத்தைத் தானே துண்டிக்கும்படி நேராகக் கம்பியிடப்பட வேண்டும். மின்வேலையைத் தகுதி பெற்ற மின்வினைஞரிடமே ஒப்படைக்க வேண்டும். கடலோரப் பட்டறையில் உப்புக் காற்று இணைப்புகளை அரிக்குமாதலால், பெட்டிகளை இறுக மூடி, ஓடுபாதைகளுக்கு எண்ணெய் பூசி வருவதும் அவசியம்.

முதலில் இரும்பைப் பார்

'பழையது எல்லாம் பொன்னா?' என்று கேட்பாரும் உளர். இல்லை. ஓடுபாதை நடுவிலே தேய்ந்து குழிந்திருந்தால், சுழல்தண்டின் தாங்கிகள் இரைந்தால், வார்ப்பில் வெடிப்பு இருந்தால், அவ்வியந்திரத்துக்கு எந்த மூளையும் உதவாது. ஆகவே மென்பொருளைத் தேடுமுன் அளவுகோலைத் தேடுக. உடம்பு உறுதியானது என்று கண்டால் மட்டுமே பணத்தையும் உழைப்பையும் இடுக. மென்பொருள் இலவசமாயினும் மோட்டார், மின்சாதனம், கம்பி, விசை யாவும் பணம் கேட்பவை. மாதக்கணக்கான மாலைப்பொழுதுகளும் அதில் செலவாகும். கம்பி மாறி ஓர் அச்சு எதிர்த்திசையில் ஓடும். அளவெண் பிழைத்து ஒரு துண்டு வீணாகும். பொறுமையற்றவர் இதில் இறங்காதிருத்தலே நலம்.

அவ்வாறாயின் இத்தனை பாடும் எதற்கு? இலாபம் ஒன்றுக்காக மட்டும் அன்று. இயந்திரத்தின் ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு வரியும் எதற்காக இருக்கிறது என்று அறிந்த ஒருவர் அப்பட்டறையில் இருப்பார். அடுத்த முறை அது நின்றால், தொலைதூரத்து நிறுவனத்தின் பதிலுக்குக் காத்திராமல் தாமே கைவைப்பார். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் பயிலும் இளைஞருக்கும், படகுத் துறையில் எண்ணெய்க் கறையோடு உழைக்கும் முதியவருக்கும் இடையே இன்று பெரிய மதில் ஒன்று நிற்கிறது. ஒருவருக்கு எழுத்துத் தெரியும், இரும்பு தெரியாது. மற்றவருக்கு இரும்பு தெரியும், எழுத்து தெரியாது. அம்மதிலில் ஒரு வாசலைத் திறக்க இத்தகைய இயந்திரம் ஒன்றே போதும்.

நம் கற்பனைப் பட்டறைக்கு மீண்டும் செல்வோம். மாதங்கள் சில கழிந்துவிட்டன. முதல்நாள் இயந்திரத்தை வெறுங்காற்றில் ஓட்டினார்கள், இரண்டாம் நாள் மெழுகிலே வெட்டினார்கள், இன்று இரும்பு. மருமகன் விசைப்பலகை முன். மாமா அவசரப் பொத்தானின் மேல் கைவைத்தபடி. கருவி இரும்பைத் தொட்டதும் ஒருவகைக் கீச்சொலி எழுகிறது.

"நிறுத்து தம்பி! கருவி அதிர்கிறது. வேகத்தைக் குறை."

"திரையிலே எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, மாமா."

"திரைக்குக் காது இல்லை. எனக்கு இருக்கிறது."

மருமகன் எண்ணை மாற்றுகிறான். ஒலி சீராகிறது, சீவல்கள் சுருண்டு விழுகின்றன. மாமா நுண்மானித் திருகுக் கணிச்சியை எடுத்துக் காடியை அளக்கிறார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அளக்கிறார். பின்பு ஒன்றும் பேசாமல், மூலையில் கிடந்த தார்ப்பாயை மடித்து அலுமாரிக்குள் வைக்கிறார்.

நம் மாவட்டத்துப் பட்டறைகளில் எத்தனை இயந்திரங்கள் தார்ப்பாய்க்குள் உறங்குகின்றனவோ! அடுத்த விடுமுறையில் மாணவர்கள் தமக்குத் தெரிந்த பட்டறை ஒன்றுக்குச் சென்று, அங்குள்ள பெரியவரிடம் பணிவோடு கேட்டு, அதனுள்ளே எட்டிப் பார்ப்பார்களாக.